பிட்புல் நாய்களும் இனத் தடைச் சட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்புல் கடித்து ஒருவர் படுகாயம் என்று செய்தி வந்தால் போதும், அன்றே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஒன்று, "இந்த நாய்களை அடியோடு ஒழிக்க வேண்டும்" என்னும். மற்றது, "நாய் மேல் தப்பே இல்லை, வளர்த்தவர் மேல்தான்" என்னும். இரண்டு பக்கமும் பாதி உண்மையை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகின்றன என்பது என் கருத்து. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிட்புல் என்பது ஓர் இனமா?

ஒரே இனம் அல்ல. ஒத்த சாயலுள்ள சில இனங்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் சேர்த்து வழங்கும் பெயர். அமெரிக்கன் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் ஆகிய மூன்றும் இதில் முக்கியமானவை. அண்மைக் காலத்தில் உருவான அமெரிக்கன் புல்லியையும் பலர் இதில் சேர்க்கிறார்கள்.

நாய்ச் சங்கங்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. யுனைடெட் கென்னல் கிளப் 1898இலேயே அமெரிக்கன் பிட்புல் டெரியரைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டது. அமெரிக்கன் கென்னல் கிளப்போ அந்தப் பெயரை இன்றுவரை ஏற்கவில்லை. அதே வழியில் வந்த நாய்களை 1936இல் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர் என்று சேர்த்துக்கொண்டது. 1972இல் அந்தப் பெயருக்கு முன்னால் 'அமெரிக்கன்' ஒட்டிக்கொண்டது. ஆக, ஒரே நாய்க்கு ஒரு சங்கத்தின் சான்றிதழில் ஒரு பெயரும் இன்னொன்றில் வேறு பெயரும் இருக்கலாம். சட்டம் எழுதுபவருக்கு முதல் தலைவலி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இவற்றைச் சண்டைக்காகவே உருவாக்கினார்களாமே, உண்மையா?

உண்மைதான். பிரிட்டனில் காளையைக் கட்டிப்போட்டு அதன் மேல் நாய்களை ஏவிவிடுவது ஒரு காலத்தில் பெரிய வேடிக்கை. 1835இல் வந்த விலங்கு வதைத் தடைச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. காளை போனதும் பந்தயக்காரர்கள் நாயையும் நாயையும் மோதவிட ஆரம்பித்தார்கள். காளையை விரட்டிய பழைய புல்டாக்கின் பலத்தையும் டெரியரின் வேகத்தையும் ஒன்றாகக் கொண்டுவரக் கலப்பு செய்தார்கள். அந்த நாய்கள் குடியேறிகளுடன் அமெரிக்காவுக்குப் போயின.

அங்கே அவை சண்டைக் களத்தில் மட்டும் இருக்கவில்லை. பண்ணையில் மாடு மடக்கின, பன்றி வேட்டைக்குப் போயின, வீட்டு வாசலில் காவலும் இருந்தன. இன்று உயிரோடு இருக்கும் பிட்புல்களில் பெரும்பாலானவை சண்டைக் களத்தையே பார்க்காத தலைமுறைகளில் வந்தவை. ஆனாலும் மற்ற நாய்களைக் கண்டால் சீறும் குணம் சில வம்சங்களில் இன்னும் தங்கியிருக்கிறது. இதை மறைப்பதால் நாய்க்கும் நன்மை இல்லை, வளர்ப்பவருக்கும் இல்லை.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் செல்லப்பிராணிதானாமே? பெயர் எப்போது கெட்டது?

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையுடன் போன 'சார்ஜன்ட் ஸ்டபி' என்ற நாயின் இனம் உறுதியாகத் தெரியாது, ஆனால் அதை இந்தச் சாயல் கொண்டது என்பார்கள். போர்க்காலச் சுவரொட்டிகளில் அமெரிக்காவுக்கு அடையாளமாகவே இந்த நாயை வரைந்திருக்கிறார்கள்.

1970களிலிருந்து காற்று மாறியது. திருட்டுத்தனமாக நடந்த நாய்ச்சண்டைகள் செய்தியாயின. அந்தச் செய்திகளைப் பார்த்தே, மிரட்டலாக ஒரு நாய் வேண்டும் என்று தேடியவர்கள் பிட்புல்லை வாங்கினார்கள். அவர்கள் கையில் அது கடித்தது, அதுவும் செய்தியானது. 1987 ஜூலையில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் பல்லைக் காட்டும் பிட்புல்லை அட்டையில் போட்டு, இந்த நாயிடம் எச்சரிக்கை என்றது. அடுத்த சில ஆண்டுகளில் பல நகரங்களில் தடைகள் வந்தன.

இப்படி வில்லனாக நிறுத்தப்பட்ட முதல் நாய் இது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பிளட்ஹவுண்ட், அப்புறம் ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், ராட்வைலர் என்று வரிசையே உண்டு. இன்று காவல்துறையின் பெருமையாக நிற்கும் ஜெர்மன் ஷெப்பர்டை ஆஸ்திரேலியா 1929இல் இறக்குமதி செய்யக்கூடாது என்று தடுத்தது. அந்தத் தடை நீங்க 1970கள் ஆயின.

கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

பூட்டு எதுவும் கிடையாது. அதன் தாடை எலும்பும் தசையும் மற்ற நாய்களுக்கு இருப்பதைப் போன்ற அமைப்புதான். ஆனால் இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் உண்டு. பல நாய்கள் ஒரு கடி கடித்துவிட்டு விலகும். பிட்புல் சாயல் நாய்களில் பல, பிடித்த இடத்தை விடாமல் தலையை உதறும். சதை கிழிவது அதனால்தான். கடி விசை இத்தனை ஆயிரம் என்று சுற்றும் எண்களை நம்ப வேண்டாம்.

'குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தாதி நாய்' என்பதாவது உண்மையா?

அதுவும் கட்டுக்கதைதான், எதிர்ப்பக்கத்துக் கட்டுக்கதை. முன்காலத்தில் குழந்தைகளைக் கவனிக்க இவற்றை வைத்திருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. எந்த இனமாக இருந்தாலும் சின்னக் குழந்தையையும் நாயையும் தனியாக விடக்கூடாது. நாயை நல்லவனாகக் காட்ட நினைத்துச் சொல்லும் இந்தக் கதைதான் பெற்றோரை அசட்டையாக இருக்க வைக்கிறது.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மற்ற நாய்களைவிட ஆபத்தானதா, இல்லையா?

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: கடிக்கும் வாய்ப்பு எவ்வளவு, கடித்தால் சேதம் எவ்வளவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வாக்குவாதம் முடிவதில்லை.

முதலில் வாய்ப்பு. 2008இல் டஃபி, சூ, செர்பெல் ஆகிய ஆய்வாளர்கள் நாய் உரிமையாளர்களின் பதில்களை வைத்துப் பல இனங்களை ஒப்பிட்டார்கள். மனிதர்கள் மேல் பாய்வதில் முன்வரிசையில் இருந்தவை டாக்ஸ்ஹுண்ட், சிவாவா என்ற சின்ன நாய்கள். பிட்புல் அந்த வரிசையில் இல்லை. ஆனால் மற்ற நாய்கள் மேல் பாய்வதில் அது முன்னால் நின்றது. சிவாவா கடித்தால் யாரும் புகார் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சேதம். இங்கே பிட்புல் ஆதரவாளர்கள் கொஞ்சம் இறங்கி வரத்தான் வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகளில் நாய்க்கடி நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வுகள் பலவற்றில், அறுவை சிகிச்சை வரை போகும் கடுமையான காயங்களில் பிட்புல் சாயல் நாய்களின் பெயர் அதிகம் வருகிறது. 1979 முதல் 1998 வரை அமெரிக்காவில் நாய் தாக்கி நேர்ந்த 238 மரணங்களை ஆராய்ந்த 2000ஆம் ஆண்டு ஆய்வில், பாதிக்கு மேல் பிட்புல் சாயல் நாய்களும் ராட்வைலர்களும் சம்பந்தப்பட்டிருந்தன.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. மேற்கோள் காட்டுபவர்கள் அதை வசதியாக விட்டுவிடுவார்கள். குறைந்தது 25 இனங்கள் அந்த மரணங்களில் இருந்தன. எந்த இனத்தில் மொத்தம் எத்தனை நாய்கள் இருக்கின்றன என்ற கணக்கு யாரிடமும் இல்லாததால், எந்த இனத்துக்கு எவ்வளவு அபாயம் என்று விகிதம் போட முடியாது. இனத்தை மட்டும் வைத்துச் சட்டம் போடுவதை அந்த ஆய்வாளர்கள் ஆதரிக்கவில்லை.

2013இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு 2000 முதல் 2009 வரையிலான 256 மரணங்களைக் காவல்துறை விசாரணை வரை தோண்டிப் பார்த்தது. 87 விழுக்காட்டில் தடுக்கக்கூடிய நிலையில் அருகில் யாரும் இல்லை. 84 விழுக்காட்டில் நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை. 85 விழுக்காட்டில் இறந்தவருக்கும் நாய்க்கும் பழக்கமே இல்லை, அல்லது பெயரளவுக்குத்தான். இனம் எது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது 18 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றில்தான். செய்திகளிலோ பெரும்பாலானவற்றுக்கு இனப் பெயர் இருந்தது!

என் முடிவைக் கேட்டால்: மனிதனைக் கடிக்கத் துடிக்கும் நாய் என்பது மிகை. ஆனால் தவறு நடந்தால் விளைவு பெரிதாக இருக்கும் நாய். பலமான எந்தப் பெரிய நாய்க்கும் இது பொருந்தும்.

எல்லாம் வளர்ப்பில்தானே இருக்கிறது?

முழுக்க அப்படியும் இல்லை. பெற்றோரின் குணம் குட்டிக்கு வரும். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரை அது யாரை, எதைப் பார்த்துப் பழகுகிறது என்பது பெரிய பங்கு வகிக்கும். அப்புறம் சங்கிலியில் கட்டியே போட்டிருப்பது, அடி, வலி, நோய் எல்லாம் சேரும். நல்ல வீட்டில் அன்பாக வளர்ந்த நாயும் கடித்திருக்கிறது.

அதே சமயம் இனத்தை வைத்து ஒரு நாயின் குணத்தைக் கணிப்பதும் நடக்காத காரியம். 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்கள் கேள்விகளுக்குப் பதிலளித்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவும் ஆராயப்பட்டது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் சுமார் 9 விழுக்காட்டைத்தான் இனம் விளக்கியது.

சண்டைக்குப் பழக்கிய நாயைத் திருத்தவே முடியாதா?

2007க்கு முன்பு அப்படித்தான் நினைத்தார்கள். சண்டைக் கூடாரங்களில் பிடிபட்ட நாய்களை ஒட்டுமொத்தமாகக் கொன்றுவிடுவதே வழக்கம். அந்த ஆண்டு அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக் வர்ஜீனியாவில் நடத்திவந்த சண்டைக் கூடாரம் சிக்கியது. அவருக்கு 23 மாதச் சிறை கிடைத்தது. நாய்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு நீதிமன்றம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது: ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிப்பது.

இப்படிப்பட்ட சோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. நாய் சாப்பிடும்போது குச்சியில் பொருத்திய செயற்கைக் கையால் தட்டை இழுப்பார்கள். குழந்தை அளவு பொம்மையைக் கொண்டுவருவார்கள். அறிமுகமில்லாத ஆள் நெருங்குவார். தூரத்தில் இன்னொரு நாயைக் காட்டுவார்கள். உறுமுகிறதா, விறைக்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, வாலைக் குழைக்கிறதா என்று குறிப்பெடுப்பார்கள். விக்கின் நாய்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை பிழைத்தன. மிகவும் சிக்கலானவை என்று கருதப்பட்ட 22 நாய்கள் யூட்டா மாநிலத்திலுள்ள ஒரு காப்பகத்துக்குப் போயின. பல நாய்கள் பின்னாளில் வீட்டு நாய்களாயின. எல்லாமே மாறவில்லை, சில கடைசிவரை காப்பகத்திலேயே இருந்தன.

ஒரு நாய் பிட்புல்தான் என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

இனத் தடையின் பலவீனமே இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

பிரிட்டனில் சட்டம் இனத்தைச் சொல்வதில்லை, 'வகை'யைச் சொல்கிறது. பயிற்சி பெற்ற அதிகாரி நாடாவை எடுத்துக்கொண்டு வந்து அளப்பார். தோள் உயரம், தலையின் அகலம், மூக்கின் நீளம், மார்பின் ஆழம், வால் எங்கே தொடங்குகிறது, தொடைத் தசை எப்படி என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார். போதுமான அளவு அம்சங்கள் ஒத்துப்போனால் அது பிட்புல் வகை. தாய் லாப்ரடார் என்று நிரூபித்தாலும் பயனில்லை. அதைவிட, அந்த வகை அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பே உரிமையாளர் தலையில்தான். நாய் யாரையாவது கடித்ததா என்ற கேள்வி இந்தக் கட்டத்தில் எழுவதே இல்லை.

கண்ணை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலக் காப்பகங்களில் 120 நாய்களைக் காட்டி ஊழியர்களிடம் இனம் கேட்டார்கள், மரபணுவையும் சோதித்தார்கள். பிட்புல் கலப்பே இல்லாத நாய்களைச் சில ஊழியர்கள் ஒருமுறைகூடத் தவறாகச் சொல்லவில்லை. வேறு சிலர் 48 விழுக்காடு வரை பிட்புல் என்றார்கள். நாய் அதே நாய்தான், பார்த்தவர் வேறு. இவர்கள் தினமும் நாய்களோடு புழங்குபவர்கள். பக்கத்து வீட்டுக்காரரோ நிருபரோ சொல்லும் இனப் பெயரை எந்த அளவு நம்பலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்த நாடுகளில் தடை இருக்கிறது?

முழுப் பட்டியல் நீளம், அடிக்கடி மாறவும் செய்யும். சில முக்கியமானவை மட்டும் சொல்கிறேன். பிரிட்டன் 1991இல் கொண்டுவந்த சட்டத்தில் பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலேரோ ஆகிய நான்கும் இடம்பெற்றன. டென்மார்க் 2010இல் தன் பட்டியலை 13 இனங்களாக்கியது. ஜெர்மனி 2001இல் இறக்குமதிக்குத் தடை போட்டது. வளர்ப்பதற்கான விதி அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2005 முதல் தடை. இந்தியாவில் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது.

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான தடை கிடையாது, நகரங்கள்தான் போட்டன. இப்போது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள், இனத்தை வைத்துத் தடை போடக்கூடாது என்று நகரங்களையே ஏதாவது ஒரு வகையில் கட்டுப்படுத்தியிருக்கின்றன.

தடையால் கடி குறைந்ததா?

குறைந்தது என்று உறுதியாகக் காட்ட முடிந்த நாடு அரிது. நெதர்லாந்து 1993இல் தடை போட்டது. கடி குறையவில்லை என்று 2008இல் தானே திரும்பப் பெற்றது. இங்கிலாந்தில் 1991 சட்டம் அமலில் இருக்கும்போதே, நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் விகிதம் 1998க்கும் 2018க்கும் இடையில் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. லட்சம் பேருக்கு ஆறு சொச்சமாக இருந்தது பதினைந்தை நெருங்கியது.

அமெரிக்காவின் டென்வர் நகரம் 1989இல் தடை போட்டது. 2020இல் மக்களே வாக்களித்து அதை அனுமதிச் சீட்டு முறையாக மாற்றினார்கள். அதே 1989இல் தடை போட்ட, ஃபுளோரிடாவின் மியாமி-டேட் மாவட்டத்தில் 2012 வாக்கெடுப்பில் மக்கள் தடை தொடரட்டும் என்றார்கள். 2023இல் மாநிலச் சட்டம் வந்து அதை நீக்கியது. கனடாவின் மான்ட்ரியால் நகரம் 2016இல் போட்ட தடை, மேயர் மாறியதும் அடுத்த ஆண்டே போய்விட்டது.

தடையை ஆதரிப்பவர்கள் ஒரு நியாயமான பதில் வைத்திருக்கிறார்கள்: மொத்தக் கடி குறையாவிட்டாலும் உயிர் போகும் கடி குறையும் அல்லவா? மரண எண்ணிக்கை எல்லா நாடுகளிலும் மிகச் சிறியது, ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது. அதை வைத்து ஆம் என்றும் இல்லை என்றும் அடித்துச் சொல்வது கடினம். ஆனால் ஒன்று கண்கூடு. ஓர் இனத்தைத் தடுத்தால், மிரட்டலுக்கு நாய் தேடுபவர் அடுத்த இனத்துக்குப் போகிறார்.

எக்ஸ்எல் புல்லி விவகாரம் என்ன?

இப்போது சொன்னதற்கு நல்ல உதாரணம் அது. பிட்புல் தடை இருந்த பிரிட்டனில், அந்த அளவுகோலுக்குள் அடங்காத பெரிய உடம்போடு, அமெரிக்கன் புல்லியின் பெரிய வகையான எக்ஸ்எல் புல்லிகள் பரவின. அடுத்தடுத்து மரணங்கள் நேர்ந்ததும் அரசு அவற்றையும் பட்டியலில் சேர்த்தது. 2023 டிசம்பர் 31 முதல் விற்கவோ இனப்பெருக்கம் செய்யவோ கூடாது. 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். ஏற்கெனவே வளர்த்தவர்கள் கருத்தடை, மைக்ரோசிப், காப்பீடு, வெளியே போனால் வாய்மூடியும் கயிறும் என்ற நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ளலாம். 50,000க்கும் மேற்பட்ட நாய்களுக்கு அப்படி விலக்கு வாங்கினார்கள். இங்கேயும் அளவு நாடாதான்: ஆண் நாய் தோள் உயரம் 51 சென்டிமீட்டர், பெண் 48, அதிலிருந்து தொடங்கும்.

இந்த நிபந்தனைகள் எனக்கு நியாயமாகவே தெரிகின்றன. ஆளைக் கடித்த வேறு இன நாய்க்கு இவை தாமாகப் பொருந்துவதில்லை என்பதுதான் குறை.

தடை வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது? சும்மா இருப்பதா?

சும்மா இருக்க முடியாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான ஆர்எஸ்பிசிஏவும் இனத் தடையை எதிர்க்கும்போது, மாற்றையும் சேர்த்தே சொல்கின்றன. அடிக்கடி காட்டப்படுவது கனடாவின் கால்கரி நகரம். எல்லா நாய்க்கும் உரிமம், கயிறில்லாமல் விட்டால் அபராதம், புகார் வந்த நாயைத் தனியே கவனிப்பது, பள்ளிகளில் பாடம் என்று இனம் பார்க்காமல் நடத்துகிறார்கள். உரிமக் கட்டணத்திலிருந்தே செலவைப் பார்த்துக்கொண்டதால் ஆட்களை வைத்து அமல்படுத்தவும் முடிந்தது. விதி மட்டும் இருந்து, நடைமுறைப்படுத்த ஆள் இல்லாத ஊரில் இதுவும் பலிக்காது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. 2012இல் அங்கே உயர்மட்ட நீதிமன்றம் பிட்புல் இயல்பிலேயே ஆபத்தானது என்று தீர்ப்பளித்தது. 2014இல் சட்டமன்றம் அதை மாற்றி, எந்த இன நாய் கடித்தாலும் உரிமையாளர் பொறுப்பு என்று எழுதியது. கடிபட்டவருக்கு அதுதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

ஒன்று வாங்கி வளர்க்கலாமா?

முதலில் உங்கள் ஊர்ச் சட்டம், வீட்டுச் சொந்தக்காரர், காப்பீடு மூன்றையும் விசாரியுங்கள். சட்டம் அனுமதித்தாலும் வாடகை வீடு கிடைப்பது கடினம். காப்பகங்களில் இந்த நாய்கள் குவிவதற்கு அது ஒரு பெரிய காரணம். குட்டி வாங்குவதாக இருந்தால் தாய் நாயை நேரில் பாருங்கள். அந்நியரைக் கண்டு அது பதுங்கினாலோ சீறினாலோ வந்த வழியே திரும்பிவிடுங்கள். நாய் இழுத்தால் உங்களால் நிறுத்த முடியுமா என்று யோசியுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் இரண்டு மடங்கு யோசியுங்கள். இளம் வயதில் ஒன்றாக விளையாடியவை, இரண்டு மூன்று வயதில் ஒன்றையொன்று சகிக்காமல் போவதுண்டு.

எந்த நாயாவது தாக்க வந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஓட வேண்டாம், கத்த வேண்டாம். கண்ணுக்கு நேரே முறைக்காமல் பக்கவாட்டாக நின்று மெல்லப் பின்வாங்குங்கள். பை, சட்டை, குடை எது இருந்தாலும் இருவருக்கும் நடுவில் நீட்டுங்கள். அது அதைக் கடிக்கட்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, விரல்களைக் கோத்துக் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ளுங்கள். பிடித்துக்கொண்டால் கையைச் சட்டென்று பிடுங்காதீர்கள், காயம் அதனால்தான் பெரிதாகக் கிழியும்.

கடிபட்ட இடத்தைச் சோப்பு போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அப்புறம் உடனே மருத்துவமனை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். அதற்கு அவர் கேட்கப்போவது நாயின் இனத்தை அல்ல, அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா, அதைக் கண்காணிப்பில் வைக்க முடியுமா என்பதைத்தான்.